64-ஆம் சாலையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு: செவ்வோநாய்கள் குறித்து ஒரு திறந்த மடல்

கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ், ராலே, டர்ஹம் பகுதிகளில் வாழும் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் வீடுகளில் அவுட்டர் பேங்க்ஸ் பயணப் பேச்சு தொடங்கிவிடும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கடலோரம் வீடு எடுப்பார்கள். புளியோதரை யார் பொறுப்பு, தயிர்சாதம் யார் பொறுப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால், யூ.எஸ். 64 நெடுஞ்சாலையில் கொலம்பியா என்ற சிற்றூரைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அலிகேட்டர் ஆற்றுப் பாலத்தைக் கடந்த பிறகு மான்ஸ் ஹார்பர் வரை வீடுகளும் விளக்குகளும் அரிது. சாலையோரம் கறுத்த தண்ணீர் நிற்கும் கால்வாய், அதற்கப்பால் சதுப்புக் காடு. கடல் பக்கத்தில் வந்துவிட்டது என்ற ஆவலில் நாம் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதும் அங்கேதான்.

உலகத்தில் செவ்வோநாய் காட்டில் திரிகிற ஒரே இடம் நம் வட கரோலினா மாநிலத்தின் அந்தக் கிழக்கு மூலை: டேர், ஹைட், டிரெல், வாஷிங்டன், போஃபர்ட் என்ற ஐந்து கவுண்டிகள் (மாவட்டம் போன்றவை). முதுமலைப் பக்கத்தில் நாம் பார்த்த செந்நாய் வேறு, இது வேறு. இது காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் செம்பட்டை படர்ந்த, நீண்ட கால்களுடைய அமெரிக்க ஓநாய். காட்டில் இருப்பவை எல்லாம் சேர்ந்தே சுமார் 30. 2020-இல் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணிக்கப்பட்டவை ஏழாகக் குறைந்திருந்தன. அதிலிருந்து மீண்டு வந்த கணக்கு இது.

இதைப் பற்றி நம்மவர்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “அது அசல் ஓநாயே இல்லையாமே, கயோட்டியோடு கலந்துவிட்டதாமே, அதற்கு ஏன் இத்தனை கோடி டாலர்?” கயோட்டி என்பது ஓநாயைவிடச் சிறிய, நாய்க் குடும்பத்து வட அமெரிக்க விலங்கு. மரபணு ஆய்வகங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற, படித்த நண்பர்களே இப்படிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லத்தான் இந்த மடல். கலப்பு நடந்தது உண்மை. அது எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்பதைப் பார்த்தால் அந்தப் பழி ஓநாயின் தலையில் விழாது.

ஒரு காலத்தில் டெக்சாஸ் முதல் அட்லாண்டிக் கரை வரை இந்த ஓநாய்கள் இருந்தன. தலைக்கு இவ்வளவு என்று பரிசு வைத்துக் கொன்றார்கள். பொறி வைத்தார்கள், நஞ்சு வைத்தார்கள், காட்டை வெட்டி வயலாக்கினார்கள். ஓநாய் காலியான இடத்தில் மேற்கேயிருந்து கயோட்டி நுழைந்தது. ஓநாயில் பாதி எடை, எதையும் தின்னும், மனிதர்களுக்கு அருகிலேயே பிழைத்துக்கொள்ளும். 1960-களில் மிஞ்சிய செவ்வோநாய்கள் டெக்சாஸின் தென்கிழக்கு முனையிலும் லூசியானாவின் தென்மேற்கு முனையிலும் உள்ள கடலோரச் சதுப்புகளில் ஒடுங்கிக் கிடந்தன. உடம்பெல்லாம் சொறியும் குடற்புழுவும். ஜோடி தேடினால் இன்னொரு ஓநாய் கிடைக்காத நிலை. கிடைத்தது கயோட்டி.

1967-இல் அழியும் இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. 1973-இல் அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவை, வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் உள்ள பாயின்ட் டிஃபையன்ஸ் விலங்குக் காட்சிசாலையில் இனப்பெருக்கத் திட்டத்தைத் தொடங்கியது. 1980 வரை 400-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பிடித்துச் சோதித்தார்கள். டி.என்.ஏ. பரிசோதனை கைக்கு வராத காலம். மண்டையோட்டை எக்ஸ்-ரே எடுத்து அளந்தார்கள். எடை பார்த்தார்கள். ஊளையைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தவற்றையும் சும்மா விடவில்லை. பிறந்த குட்டிகள் கயோட்டிச் சாயலில் இருக்கின்றனவா என்று பார்த்து மறுபடி கழித்தார்கள். கடைசியில் தேறியவை 14. 1980-இல் காட்டில் இந்த இனம் அற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று காட்டில் உள்ள 30-ம், காட்சிசாலைகளிலும் காப்பகங்களிலும் உள்ள 270 சொச்சமும் அந்த 14-இன் வழிவந்தவை. அவற்றிலும் 12-இன் வழி மட்டுமே இப்போது தொடர்கிறது.

அந்த 400-ல் பெரும்பாலானவை கலப்பு என்று ஒதுக்கப்பட்டபோது, அவற்றோடு ஓநாயின் மரபணுக்களும் எத்தனையோ ஒதுக்கப்பட்டன. அன்றைய ஆய்வாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். கையிலிருந்த அளவுகோலை வைத்து, மூழ்கும் கப்பலிலிருந்து இயன்றதைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் அப்படிக் கழித்ததற்கு ஒரு விலை உண்டு. அது என்ன என்று பின்னால் வருகிறேன்.

1987-இல் அலிகேட்டர் ரிவர் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் நான்கு ஜோடிகளைத் திறந்துவிட்டார்கள். அங்கே அப்போது கயோட்டி இல்லை என்பது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். அடுத்த ஆண்டே காட்டில் குட்டிகள் பிறந்தன. பெரிய ஊனுண்ணி ஒன்றை அது அற்றுப்போன காட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வாழவைத்தது உலகத்தில் அதுவே முதல் முறை என்று சொல்வார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் சாம்பல் ஓநாய்களை விட்டது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான். எல்லோருக்கும் யெல்லோஸ்டோன் தெரிகிறது. நம் வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் நடந்தது நமக்கே தெரியவில்லை.

1990-களில் கயோட்டி அங்கேயும் வந்து சேர்ந்தது. இன்று வட கரோலினாவின் 100 கவுண்டிகளிலும் அது இருக்கிறது. நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது “ஓநாய் வந்துவிட்டது” என்று படத்தோடு பதறி வரும் செய்தியில் இருப்பதும் கயோட்டிதான். ஓநாய்க் காட்டில் அது நுழைந்தால் என்ன ஆகும் என்பது கடலோரச் சதுப்பில் ஏற்கெனவே பார்த்த பாடம். 1999-இல் வல்லுநர்கள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கயோட்டியைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொரு கயோட்டி வரும். ஆகவே கொல்லவில்லை. பிடித்து, ஆணுக்கு விந்துக் குழாயையும் பெண்ணுக்குக் கருக்குழாயையும் தடுத்து அறுவை செய்தார்கள். விதையையோ கருப்பையையோ அகற்றவில்லை. அகற்றினால் ஹார்மோன் போய்விடும், ஹார்மோன் போனால் எல்லை காக்கும் குணமும் போய்விடும். குழாயை மட்டும் தடுத்தால் அது ஜோடி சேரும், தன் எல்லையைச் சுற்றிச் சிறுநீர் விட்டு அடையாளம் வைக்கும், புதிதாக வரும் கயோட்டிகளைத் துரத்தும். குட்டி மட்டும் போடாது. ஓநாய் வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்போல அந்த நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஓநாய் வந்ததும் அதுவே கயோட்டியைத் துரத்திவிடும், அல்லது கொன்றுவிடும். இல்லாவிட்டால் பணியாளர்கள் பிடித்து அகற்றுவார்கள். கலப்புக் குட்டிகள் பிறந்தால் இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து நீக்கினார்கள். இதன் பலன் 2015-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது: காட்டு ஓநாய்களிடம் அண்மைக் காலத்தில் புகுந்த கயோட்டி மரபு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. 2000-களின் நடுவில் ஓநாய்களின் எண்ணிக்கை 120-ஐத் தாண்டியிருந்தது. அதாவது, இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இருக்கிறது, அது வேலை செய்தும் காட்டியது.

பிறகு ஏன் ஏழுக்கு இறங்கியது? துப்பாக்கியால்.

இதை ஓநாயின் ஆண்டுச் சுழற்சியோடு வைத்துப் பார்க்க வேண்டும். செவ்வோநாய் பொதுவாக ஒரே துணையோடு வாழும். இணை சேர்வது பிப்ரவரி ஒட்டி, குட்டி போடுவது ஏப்ரல், மே. மான் வேட்டைப் பருவமோ இலையுதிர்காலத்தில் தொடங்கி ஆண்டு முடிவு வரை. அக்டோபரிலோ டிசம்பரிலோ ஜோடியில் ஒன்று சுடப்பட்டால், மிஞ்சியதற்கு அடுத்த இணை சேரும் காலம் வர இரண்டு முதல் நான்கு மாதம்தான். சுற்றிலும் வேறு ஓநாய் இல்லை. அப்போதுதான் கயோட்டியோடு சேர்கிறது. கலப்பு ஜோடிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல இப்படித் துணை பறிபோன பிறகு உருவானவை என்று காட்டியிருக்கிறார்கள். நிலையான ஓநாய் ஜோடி இருக்கும் இடத்தில் கயோட்டி நுழைவது அரிது.

சுட்டவர்களில் பலர் கயோட்டி என்று நினைத்துச் சுட்டவர்கள். வளரும் ஓநாய்க்கும் முதிர்ந்த கயோட்டிக்கும் வேறுபாடு பகலிலேயே எளிதல்ல. அப்படியிருக்க, இந்தக் கவுண்டிகளிலும் இரவில் விளக்கடித்துக் கயோட்டி சுடலாம் என்று மாநிலம் அனுமதித்தது. 2014-இல் நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. 2015-இல் மாநில வனவிலங்கு வள ஆணையம் இந்தத் திட்டத்தையே நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அவர்கள் காட்டிய காரணங்களில் கலப்பும் ஒன்று. சுட்டதால் கலப்பு, கலப்பு என்பதால் காப்பு வேண்டாம், காப்பு இல்லாததால் இன்னும் துப்பாக்கிச் சூடு. இந்த வட்டம்தான் எனக்குத் தாங்கவில்லை. மத்திய அரசும் புதிதாக ஓநாய்களை விடுவதை நிறுத்தியது. 2018-இலும் 2021-இலும் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திட்டம் மறுபடி மூச்சுவிட்டது. 2022 வசந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகக் காட்டில் ஆறு குட்டிகள் பிறந்தன. 2023-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி எட்டு ஆண்டுகளுக்கு ஓநாய்களை விடும் திட்டம் தொடர வேண்டும்.

இப்போது மரபணு நண்பர்களுக்கு. 2016-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிரிஜெட் வான்ஹோல்ட் குழு முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, செவ்வோநாய் தனி இனமல்ல, சாம்பல் ஓநாயும் கயோட்டியும் கலந்தது, அதில் நான்கில் மூன்று பங்கு கயோட்டி என்றது. நீங்கள் கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்கும். அதை மறுத்து, ஒரே மூதாதையிலிருந்து வந்த ஒற்றுமையையும் அண்மைக் கலப்பையும் இந்தக் கணக்கு பிரித்துப் பார்க்கவில்லை என்று மற்ற மரபியலாளர்கள் எழுதினார்கள். அமெரிக்க நாடாளுமன்றமே தேசிய அறிவியல் கழகங்களின் கருத்தைக் கேட்க வைத்தது. 2019-இல் அந்தக் குழு, உடலமைப்பு, மரபணு, வாழ்முறை எல்லாவற்றையும் எடைபோட்டு, செவ்வோநாயைத் தனி இனமாகக் கொள்வதே இருக்கிற சான்றுகளுக்குப் பொருந்தும் என்றது. கயோட்டி பரவுவதற்கு முந்தைய பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்தால் படம் மாறலாம் என்றும் நேர்மையாகச் சேர்த்துச் சொன்னது.

ஆனால் அந்த 2016 கட்டுரை எழுதியவர்களே ‘ஆகவே காக்க வேண்டாம்’ என்று சொல்லவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கலப்பினங்களுக்கும் காப்பு கிடைக்கும்படி சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் வாதம். கலப்பு இயற்கையில் புதிதல்ல. யெல்லோஸ்டோனில் சுற்றுலாப் பயணிகள் தேடித்தேடிப் படமெடுக்கும் கறுப்பு ஓநாய்களின் கறுப்பு நிறமே நாயிடமிருந்து வந்த மரபணு. அவற்றை யாரும் தெருநாய் என்று சொல்லவில்லை. புளோரிடாவில் மலைச்சிங்கங்கள் 20, 30 என்று சுருங்கி, வளைந்த வாலும் இதயக் கோளாறும் இறங்காத விரையுமாகப் பிறந்தபோது, 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் மலைச்சிங்கங்களைக் கொண்டுவந்து கலக்கவிட்டார்கள். குறைகள் குறைந்தன. இன்று 120 முதல் 230 வரை இருக்கின்றன. கலப்பே அங்கே உயிர் கொடுத்தது. எங்கே எந்தக் கலப்பு ஓர் இனத்தை விழுங்குகிறது, எங்கே தாங்குகிறது என்று பார்ப்பதுதான் அறிவியல். சுத்தம், கலப்பு என்று பிறப்பைத் தோண்டி ஓர் உயிரின் வாழும் உரிமையை முடிவுசெய்யும் பேச்சு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தமிழர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்பு சொன்ன அந்த விலைக்கு வருகிறேன். 12 முன்னோர்களின் வழியில் மட்டுமே ஓர் இனம் நிற்கும்போது, ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக்குள்ளேயே இணை சேர வேண்டியிருக்கிறது. நோய் எதிர்ப்பிலும் பிள்ளைப்பேற்றிலும் அது வெளிப்படலாம். இந்நிலையில் 2018-இல் ஒரு வியப்பு. டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில் வண்டியில் அடிபட்டு இறந்த, கயோட்டி என்று கருதப்பட்ட விலங்குகளின் திசுவைச் சோதித்தபோது, காட்சிசாலை ஓநாய்களிடமே இல்லாத செவ்வோநாய் மரபணு வடிவங்கள் கிடைத்தன. லூசியானாக் கரையிலும் அப்படியே. 2022 ஆய்வில் அவற்றில் சிலவற்றின் மரபில் பாதியளவு செவ்வோநாய் என்று தெரிந்தது. அன்று கலப்பு என்று கழித்தவற்றின் உறவினர்கள் வழியாக, தொலைந்ததாக நினைத்த சொத்து நாற்பது ஆண்டுகள் அந்தக் கரையிலேயே நடமாடியிருக்கிறது. கொலாசல் பயோசயின்சஸ் நிறுவனம் இந்த விலங்குகளின் இரத்த அணுக்களிலிருந்து நான்கு குட்டிகளைப் படியெடுத்துவிட்டதாக 2025-இல் அறிவித்தது. அது பயன்படலாம், படாமலும் போகலாம். காட்டில் ஓநாய்க்குப் பாதுகாப்பு இல்லாதபோது ஆய்வகத்தில் எத்தனை குட்டி பிறந்தும் என்ன செய்ய? எனக்கு அந்தக் கரையோர விலங்குகள் காட்டிலேயே சுடப்படாமல் இருப்பதுதான் முதல் தேவையாகத் தோன்றுகிறது.

காட்டுக்குப் புது இரத்தம் சேர்க்க எளிய வழி ஒன்றும் இருக்கிறது. காட்சிசாலையில் பிறந்து இரண்டு வாரம் ஆகாத, அப்போதுதான் கண் திறக்கும் குட்டிகளை விமானத்தில் கொண்டுவருவார்கள். ஏறத்தாழ அதே நாட்களில் குட்டி போட்ட காட்டு ஓநாயின் வளையைப் பணியாளர்கள் அணுகும்போது தாய் விலகிப் போய்விடும். வந்த குட்டிகளையும் வளைக் குட்டிகளையும் ஒன்றாகக் கலந்து வாசம் ஏறவிட்டு, ஓசையில்லாமல் திரும்பிவிடுவார்கள். தாய் வந்து எல்லாவற்றுக்கும் பால் கொடுக்கும். 2021-இல் ஓஹாயோவின் ஆக்ரன் காட்சிசாலையில் பிறந்த நான்கு குட்டிகள் இப்படித்தான் நம் மாநிலக் காட்டுக்கு வந்தன.

அப்படி வந்தவையும் 64-ஆம் சாலையைக் கடந்தாக வேண்டும். 2024 கோடையில் குட்டிகளுக்குத் தந்தையான ஓநாய் ஒன்று அந்தச் சாலையில் வாகனம் மோதி இறந்தது. தாய் தனியாகிவிட்டது. ஐந்து குட்டிகளும் பிழைக்கவில்லை. சுமார் 30 இருக்கும் இனத்தில் ஒரே மோதலில் ஆறு. அடித்த வண்டியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மைப்போலக் கடலுக்குப் போனவர்களாகவோ திரும்பியவர்களாகவோ இருக்கலாம். அந்த ஆண்டின் டிசம்பரில் அங்கே விலங்குகள் சாலைக்கு அடியில் கடக்கச் சுரங்கப்பாதைகள் கட்ட மத்திய அரசு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. கட்டி முடிக்கும்வரை நம் கால்தான் பிரேக்கில் இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. கொலம்பியாவிலிருந்து மான்ஸ் ஹார்பர் வரை அந்தி சாய்ந்த பிறகு வேகத்தைக் குறையுங்கள். கொஞ்சம் முன்னால் கிளம்பிப் பகலிலேயே அந்தப் பகுதியைக் கடந்தால் இன்னும் நல்லது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை மின்னினால் அது செவ்வோநாயின் கழுத்துப்பட்டை. வெள்ளைப் பட்டை என்றால் கருத்தடை செய்த கயோட்டி. இரண்டுமே நமக்கு வேண்டியவை. வழியில் நிறுத்தி உணவுப் பொட்டலங்களைச் சாலையோரம் எறியாதீர்கள். எலியும் ரக்கூனும் அதற்கு வரும், அவற்றைத் தேடி ஓநாய் சாலைக்கு வரும்.

குழந்தைகளை டர்ஹம் அறிவியல் அருங்காட்சியகத்துக்கோ ஆஷ்பரோவில் உள்ள மாநில விலங்குக் காட்சிசாலைக்கோ கூட்டிப்போய்ச் செவ்வோநாயைக் காட்டுங்கள். நம் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு விலங்குகளின் பெயர் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், சிங்கம் புலியோடு பிள்ளைகள் வாழும் மாநிலத்துக்கே உரிய இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அங்கே நிலம் வைத்திருக்கும் விவசாயிகளைப் பகைவர்களாக்கிப் பேசாதீர்கள். சோயாவும் மக்காச்சோளமும் போடுகிற அவர்கள் நிலத்தில்தான் ஓநாய் பாதி நாள் திரிகிறது. அரசு தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தது என்ற அவர்கள் மனக்குறையில் நியாயம் உண்டு. 2020 முதல், ஓநாய்க்கு இடம்கொடுக்கும் நில உரிமையாளர்களுக்கு நிலத்தை மேம்படுத்தச் செலவில் பங்கு தரும் திட்டம் நடக்கிறது. அது பெரிதாக வேண்டும்.

கடைசியாக, எழுதுங்கள். மாநில வனவிலங்கு வள ஆணையம் ஆண்டுதோறும் வேட்டை விதிகளைத் திருத்தும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. மத்திய அரசும் செவ்வோநாய் குறித்த விதிகளை மாற்ற முனையும்போது கேட்கும். ‘எச்-1பி விசாவில் இருக்கிறேன், எனக்கு வாக்கில்லை’ என்று ஒதுங்க வேண்டாம். இங்கே வசிப்பவர் என்ற முறையில் எழுத யாருக்கும் தடையில்லை. மூன்று வரி போதும்: ஓநாய் திரியும் இந்த ஐந்து கவுண்டிகளில் கயோட்டி வேட்டையைக் கட்டுப்படுத்துங்கள், கருத்தடை செய்த கயோட்டிகளை வைக்கும் முறையைத் தொடருங்கள், ஒவ்வொரு வசந்தத்திலும் குட்டிகளை வளைகளில் சேர்ப்பதை நிறுத்தாதீர்கள். எழுதிய பிறகு ஒரு படியை உங்கள் குடியிருப்புக் குழுவில் போடுங்கள். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதட்டும்.

அன்புடன்,
கேரியிலிருந்து உங்களில் ஒருவர்